ஒரு சோறு பதமாகுமா?

ஆட்டம் தொடங்கிச் சில ஓவர்கள்கூட ஆவதில்லை. அதற்குள் திரையிலே தீர்ப்பு வந்துவிடுகிறது. "வெற்றி வாய்ப்பு: இவர்களுக்கு 70 விழுக்காடு, அவர்களுக்கு 30 விழுக்காடு!" கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஷிப்டு முடித்துப் பொன்னேரி வழி மின்ரயிலேறும் தோழரும், திருவள்ளூர் காக்களூர்த் தொழிற்பேட்டையிலிருந்து ஆவடி வழி வருபவரும் கைப்பேசியிலே அதே எண்ணைப் பார்க்கிறார்கள், வாதிடுகிறார்கள்.

"எண் பொய் சொல்லுமா?" என்கிறார் ஒருவர். "எண்ணாவது, மண்ணாவது! தோனி இருக்கிறார், போதும்" என்கிறார் மற்றவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையை முழு உண்மையென நம்புவதிலேதான் ஆபத்து இருக்கிறது.

சென்னை அணியின் ஏட்டைப் புரட்டுவோம். 2020இல் ஏழாம் இடம், 2021இல் கோப்பை. 2022இல் 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி, ஒன்பதாம் இடம். 2023இல் மீண்டும் கோப்பை. 2024இல் ஐந்தாம் இடம். 2025இல் மறுபடியும் நான்கே வெற்றி, கடைசி இடம். சென்ற ஆண்டுக் கணக்கை வைத்து இந்த ஆண்டுக்குச் சோதிடம் சொன்னவன் 2021இலும் தோற்றான், 2023இலும் தோற்றான். பழம்பெருமையை நம்பி மார்தட்டியவனோ 2025இல் தோற்றான். எண்ணை மட்டும் நம்பியவனும் தப்பவில்லை, எண்ணை எள்ளி நகையாடியவனும் தப்பவில்லை!

ஏன் இப்படி? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். உண்மைதான். ஒரே நீரிலே, ஒரே நெருப்பிலே வெந்த அரிசி அது. உருக்காலையிலே வேலை செய்யும் தோழருக்கும் இது தெரியும். உலையிலே இரும்பு நன்றாக உருகிக் கலந்தபின் ஒரு கரண்டி மாதிரி எடுத்தால் போதும். அந்த உருக்கின் தரம் தெரிந்துவிடும். ஆனால், கிரிக்கெட் அணி உருகிக் கலந்த இரும்பல்லவே! இன்று காயம்பட்டவன் நாளை திரும்புகிறான். இன்று சுழல்கிற ஆடுகளம் நாளை வழுக்குகிறது. டாசும் பனியும் தம் பங்குக்கு வேலை செய்கின்றன.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். பத்து அணிகளும் முற்றிலும் சமபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போலத்தான். அப்படியிருந்தும், 14 ஆட்டங்களில் நான்கோ அதற்கும் குறைவாகவோ வெற்றி பெற ஓர் அணிக்கு நூற்றுக்கு ஒன்பது வாய்ப்பு உண்டு. ஆக, ஏறத்தாழ ஆண்டுக்கோர் அணி எந்தக் குற்றமும் செய்யாமலே அடித்தட்டில் கிடக்கும்! அதைக் கண்டு "அணி செத்தது" என்று ஒப்பாரி வைப்பது அறிவுடைமை ஆகுமா?

அமெரிக்காவிலே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். அந்த ஆட்டத்தின் கணக்கையே மாற்றி எழுதிய பில் ஜேம்ஸ் பேராசிரியர் அல்லர். உணவை டப்பாவில் அடைக்கும் ஆலையிலே இரவுக் காவலாளியாக இருந்தவர். 1977இல் தம் முதல் ஏட்டைத் தாமே வெளியிட்டார். வெற்றியை மட்டும் எண்ணாதே, எடுத்த ஓட்டத்தையும் கொடுத்த ஓட்டத்தையும் பார் என்றார். சராசரியாக 5 எடுத்து 4 கொடுக்கும் அணிக்கு, இரண்டையும் வர்க்கமாக்கினால் 25, 16. மொத்தம் 41இல் 25 பங்கு, அதாவது நூற்றுக்கு 61 வெற்றி எதிர்பார்க்கலாம். அணியின் பலத்தை அறிய நல்ல வழிதான். ஆனால் 2001இல் சியாட்டில் அணி 162இல் 116 வென்றது. இறுதிப் போட்டியை எட்டவே இல்லை! நெடுங்கணக்கு பலத்தைக் காட்டும். கோப்பையை எழுதிக் கொடுக்காது.

பெங்களூர் அணி 2024இல் முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்றது. கதை முடிந்தது என்றனர். அடுத்த ஆறிலும் வென்றது! மே 18 அன்று சென்னையை 27 ஓட்டங்களில் வீழ்த்தியது. இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள். நிகர ஓட்ட விகிதம் சென்னையை வெளியே அனுப்பியது. நூற்றுக்கு ஒன்று என்றால் நடக்காது என்று பொருளல்ல. நூறு முறையில் ஒருமுறை நடக்கும் என்றே பொருள்.

2018ஐ மறக்கலாமா? தோனிக்கு 36 வயது, வாட்சனுக்கு 36, இம்ரான் தாகிருக்கு 39. கிழவர் பட்டாளம் என்று ஏளனம் செய்தார்கள். மே 27, வாங்கடே மைதானம், இறுதி ஆட்டம். முதல் 10 பந்துகளில் வாட்சன் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. அந்தப் பத்துப் பந்தை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால்? 57 பந்துகளில் 117 குவித்து, ஆட்டமிழக்காமல் கோப்பையைக் கொண்டுவந்தார்!

எனவே, எண்ணை வெறுக்க வேண்டாம், விசாரியுங்கள். எத்தனை ஆட்டத்தின் கணக்கு? எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள்? 60 விழுக்காடு என்று சொன்ன ஆட்டங்களில் நூற்றுக்கு அறுபதாவது வென்றார்களா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் கணக்கு நல்ல கணக்கு. விடை சொல்லாத கணக்கு வெறும் விளம்பரம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? 70 விழுக்காடு என்ற எண் தொழிலாளியின் சட்டைப் பையையும் நோக்குகிறது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் குடும்பங்களைக் குலைத்ததால்தான் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமும் தடைச் சட்டம் இயற்றியது. சட்டம் கதவைச் சாத்தும். ஆசையோ சன்னலைத் தேடும். 70 என்றால் பத்தில் மூன்று முறை தோல்வி. அந்த மூன்றில் ஒன்று உன் சம்பள நாளன்று வந்தால், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எந்தப் புள்ளிவிவரம் கட்டும்?

தோழர்களே! ஆட்டத்தைப் பாருங்கள், ஆரவாரம் செய்யுங்கள், கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். வியர்வை சிந்திப் பெற்ற கூலியை மட்டும், வேறெவனோ திரையிலே எழுதிய எண்ணுக்குப் பணயம் வைக்காதீர்கள்!