கால்வாய்க் கணக்கு இருக்கட்டும், சட்டக் கணக்கு எங்கே?

மும்பை ஆண்டாப் ஹில் பகுதி சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. தமிழ் உழைப்பாளர் திரளாக வாழும் இத்தொகுதியில் 2014, 2019, 2024 தேர்தல்களில் வென்றவர் பாஜகவின் தமிழ்ச்செல்வன்.

உறுப்பினர் மக்களுக்கு அளிக்கும் செயலறிக்கை என்றாலே கால்வாய், கழிப்பறை, நடைபாதை என்னும் பட்டியல்தான் எங்கும் வழக்கமாகிவிட்டது. இவை தேவையான பணிகளே. ஆயினும் மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை, எவருடைய கொடையும் அல்ல. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் முதலில் கணக்குக் காட்ட வேண்டியது சட்டத்திற்கே.

2025 ஜூலை 10 அன்று மகாராஷ்டிர சட்டமன்றம் சிறப்புப் பொதுப் பாதுகாப்பு மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. ‘இடது தீவிரவாதம்’ என்று முத்திரை குத்தி அமைப்புகளைத் தடைசெய்யவும் சொத்துகளைப் பறிமுதல் செய்யவும் அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. குடிசை இடிப்பை எதிர்க்கும் சங்கத்தின் மீது நாளை அந்த முத்திரை விழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவையில் வெளிப்படையாக எதிர்த்தவர் தகானு தொகுதியின் மார்க்சிஸ்ட் உறுப்பினர் வினோத் நிகோலே ஒருவரே. குரல் வாக்கெடுப்பில் எவர் எப்பக்கம் நின்றார் என்பது பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. ஆகவே, ஆளுங்கட்சியினரை மட்டுமன்றி, எதிர்க்கத் தவறிய எதிர்க்கட்சியினரையும் மக்கள் நேரில் கேட்டாக வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் 4 தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யும் உரிமை, 300 பேருக்குக் குறைவான ஆலைகளுக்குக் கிடைத்துள்ளது. முன்பு இவ்வரம்பு 100. சட்டம் தில்லியுடையது; விதிகளை வகுப்பதில் மாநில அரசுக்கும் பங்குண்டு. எனவே இதிலும் உறுப்பினர் ஒதுங்கிவிட முடியாது.

தெருமுனைக் கூட்டந்தோறும் தோழர்கள் இக்கேள்விகளை முன்வைக்க வேண்டும். வாக்குக் கேட்டு வந்தவர் விடை சொல்லவும் வரட்டும்.