கழகத்தின் கதையும் களஞ்சியத்தின் கடமையும்

உதைபந்தாட்டத்துக்கும் ஒரு நாளிதழின் இலக்கியப் பகுதிக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். விளையாட்டுச் செய்திக்கு வேறு பக்கம் இருக்கின்றது. அதனை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் இங்கே நான் பேச எடுத்துக்கொண்டது பந்தைப் பற்றியன்று. பந்தைப் பற்றி எழுதும் எழுத்தைப் பற்றியே. தமிழில் உரைநடை எழுதுவோர் அனைவருக்கும் உரிய பொறுப்பொன்று அதனுள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகின்றது.

சென்ற மாதம், பல்லேபொலவில் உள்ள என் இல்லத்துக்கு, முன்னர் என்னிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் வந்தான். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் விதியோடு 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில், கல்கத்தாவின் மோகன் பாகான் கழகத்தைப் பற்றிய கட்டுரையை விரித்தெழுத அவன் விரும்பினான். பன்னிரண்டு பக்கக் குறிப்புகளை என்முன் வைத்து, "சேர், தமிழ்ப் பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்" என்றான். தமிழ்ப் பிழையைத் தேடப் புகுந்த நான், வேறு வகையான பிழைகளையும் கண்டேன். அவை அவனுக்கு மாத்திரம் உரியவை அல்ல. நம்மிற் பலருக்கும் பொதுவானவை. ஆதலினாலேயே அவற்றை இங்கு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

முதலாவது, மொழிபெயர்ப்பினால் வந்தது. "இக்கழகம் 1889ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தான். கழகம் என்ன, கடலில் மறைந்துகிடந்த தீவா, கண்டுபிடிப்பதற்கு? நிறுவப்பட்டது என்பதே பொருள். மற்றோரிடத்தில், "கோல் காப்பாளர் பத்துச் சுத்தமான தாள்களை வைத்திருந்தார்" என்று காணப்பட்டது. அவர் பரீட்சை எழுதப் போனவர் அல்லர். பத்து ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோலையும் விட்டுக்கொடுக்காதவர். இயந்திரம் பெயர்த்துத் தந்ததைத் திரும்ப வாசித்துப் பாராமல் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. தமிழ்ச் சொற்களை அடுக்கிவிட்டால் தமிழ் வாக்கியம் ஆகிவிடாது.

இரண்டாவது பிழை, அன்பினால் வந்தது. மோகன் பாகான் 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்று, ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. முதலில் கோல் போட்டது படைப்பிரிவே. பின்னர் அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன்செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். இவற்றை உள்ளவாறு கூறினாலே வாசிப்பவர் நெஞ்சம் நிமிரும். என் மாணவனோ, "உலக சரித்திரம் காணாத ஒப்பற்ற மகோன்னத வெற்றி" என்று தொடங்கி, அரைப் பக்கம் அடைமொழிகளால் நிரப்பியிருந்தான். கோல் போட்டவர் பெயரை எழுத மறந்துவிட்டான்! புகழ்மொழி மிகுமிடத்தில் செய்தி ஒதுங்கிக்கொள்வது இயல்பு.

அதே பக்கத்தில், "பதினொருவரும் வெறுங்காலுடன் ஆடினர்" என்றும் இருந்தது. பதின்மரே அவ்வாறு ஆடினர். சுதீர் சாட்டர்ஜி என்பார் சப்பாத்து அணிந்திருந்தார். "ஒருவர்தானே சேர், அதைச் சொன்னால் கதையின் அழகு கெட்டுவிடாதா?" என்றான் மாணவன். கதைக்கு அழகு வேண்டுமாயின் கதை எழுதலாம். களஞ்சியத்தில் அந்த ஒருவரின் சப்பாத்தைக் கழற்ற நமக்கு அதிகாரம் இல்லை.

இதனினும் பெரிய தவறு ஒன்று இருந்தது. "இவ்வெற்றியைக் கண்டு அஞ்சியே ஆங்கிலேயர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றினர்" என்று முடித்திருந்தான். அவ்வாண்டு டிசம்பர் 12ஆந் திகதி டில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டதும், 1905ஆம் ஆண்டின் வங்காளப் பிரிவினை நீக்கப்பட்டதும் உண்மை. ஆனால், முன்னது நிகழ்ந்தது, பின்னது நிகழ்ந்தது என்பதனால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று ஆகிவிடுமா? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றோம். மக்கள் இவ்விரண்டையும் இணைத்துப் பேசியதும் ஒரு செய்திதான். அவ்வாறு பேசினர் என்று, தக்க நூலைச் சான்று காட்டி எழுதலாம். பேச்சைப் பேச்சாகவும் நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகவும் பிரித்துக் காட்டுவதே களஞ்சியம் எழுதுவோன் கடன்.

வெற்றிப் பட்டியலிலும் ஓர் இடறல் இருந்தது. இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தை இக்கழகம் ஐந்து முறை வென்றதாக அவன் கணக்கிட்டிருந்தான். அவற்றுள் 2014, 2016, 2019–20 ஆகிய மூன்றும் ஏ.டி.கே. என்னும் வேறு கழகம் பெற்றவை. சென்னையின் எப்.சி. அணியை மூன்றுக்கு ஒன்று என்று வீழ்த்தி ஏ.டி.கே. அம்மூன்றாவது கிண்ணத்தை வென்ற அதே பருவத்தில், மோகன் பாகான் தனியே நின்று ஐ-லீக் பட்டத்தை வென்றது. இரண்டும் இணைந்தது அதன் பின்னர், 2020ஆம் ஆண்டில். இணைந்த கழகம் 2022–23, 2024–25 ஆகிய பருவங்களில் வென்ற கிண்ணங்களே இக்கணக்கில் சேரும். தன் கழகத்துக்கு மூன்று கிண்ணம் குறைகிறதே என்று அவன் முகம் வாடிற்று. எனினும் தன் கையாலேயே அடித்துத் திருத்தினான். அன்று அவன் செய்தவற்றுள் அதுவே சிறந்த காரியம் என்பேன்.

நமக்கு முன்னிருந்தோர் இப்பணியை எவ்வளவு பாடுபட்டுச் செய்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதானகோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அங்கெல்லாம் வாயிலில் ஒரு பதிப்பாசிரியர் காவல் நின்றார். இன்றைய கூட்டுக் களஞ்சியத்திலோ வாயில் திறந்தே கிடக்கின்றது. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே காவலராக வேண்டும்.

இவ்வளவும் பேசி முடித்த பின்னர் மாணவன் கேட்ட கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "நூற்றாண்டுக்கு முன் கல்கத்தாவில் யார் சப்பாத்து அணிந்தார் என்பதுகூடத் தெரிகிறது, சேர். அறுவடை முடிந்த வயலில் என் தாத்தா ஆடிய நம் ஊர்க் கழகத்தைப் பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை?" என்றான்.

நான் சற்று நேரம் வாளாவிருந்தேன். அக்கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சியது ஒரு புகைப்படம். அதில் நிற்பவர்களுட் பாதிப்பேரின் பெயரைச் சொல்லத்தக்கவர் இன்று முதியவர் ஒருவரே. அவர் வாய்மொழியை நேராகக் களஞ்சியத்தில் ஏற்ற முடியாது. முன்னரே வெளிவந்த சான்று அங்கே வேண்டும். இது நம்மைப் போன்ற சிற்றூரார்க்குக் கொடிய விதியென்று சிலர் குறைகூறுவர். எனக்கு அது கொடிதாகத் தோன்றவில்லை. கல்கத்தாக் கழகத்தின் பொய்க் கிண்ணங்களை நீக்க உதவிய அதே விதி, நமக்கு மாத்திரம் நெகிழ வேண்டுமென்று கேட்பது நேர்மையன்று. எல்லாக் கழகங்களும் களஞ்சியத்தில் இடம்பெற வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் எழுதப்படாமலே அழிய வேண்டும் என்பதும் இல்லை.

எங்கள் மாத்தளை மாவட்டத்தில் அளுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அங்கே ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் மனனம் செய்தோர் மறைந்தால் மறையும் மறைந்துவிடுமே என்னும் அச்சமே பிக்குகளை எழுதவைத்தது என்பர். மறைநூலுக்கும் ஊர்க் கழகத்துக்கும் ஒப்புமை கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. நினைவில் மாத்திரம் இருப்பது நினைவோடு போய்விடும் என்பது இரண்டுக்கும் பொது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரைக் களஞ்சியத்துக்கு அனுப்புமுன், ஊர் முதியவரிடம் அனுப்புங்கள். கேட்டதைத் திகதியிட்டு எழுதச் செய்யுங்கள். இருவர் கூற்றை ஒப்பிடச் செய்யுங்கள். பாடசாலைச் சஞ்சிகையிலோ சிறப்பு மலரிலோ அச்சேற்றுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005ஆம் ஆண்டு முதல் இணையத்தில் காத்துவரும் நூலகம் திட்டத்துக்கு ஒரு படி அளியுங்கள். நாளை களஞ்சியம் எழுதுவோனுக்கு அதுவே சான்றாகும்.

என் மாணவனின் பன்னிரண்டு பக்கம் நான்கு பக்கமாகச் சுருங்கிவிட்டது. அந்த நான்கையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகவில்லை. புகைப்படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அம்முதியவரின் வீட்டுக்குப் போனான்.