செல்லம் சொல்லில் இல்லை

ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சா நிறங்கள் பாடம் சீக்கிரமே வந்துடும். ரோஹோ சிவப்பு, பெர்தே பச்சை, நெக்ரோ கறுப்பு. பால் ஊத்தாத காபி 'கஃபே நெக்ரோ'. கள்ளச்சந்தை 'மெர்காதோ நெக்ரோ'. அதே சொல்லால ஒரு மனுஷனைக் கூப்பிடும்போதுதான் அகராதி நம்மைக் கைவிட்டுடும்.

அர்ஜென்டினா, உருகுவே பக்கம் நண்பனை 'நெக்ரோ'ன்னு கூப்பிடுறது சகஜம். 'நெக்ரீத்தோ'ன்னா இன்னும் செல்லம். அதுக்கு அவர் கறுப்பினத்தவரா இருக்கணும்னு அவசியம்கூட இல்லை. அர்ஜென்டினாவின் பெரும் பாடகி மெர்சிடஸ் சோசாவை மக்கள் அன்போட 'லா நெக்ரா'ன்னுதான் அழைச்சாங்க. ஆனா அதே ஸ்பானிஷ்ல, ஓயாம உழைக்கிறதை 'கறுப்பன் மாதிரி உழைக்கிறது'ன்னு சொல்ற வழக்கும் இருக்கு. அடிமை முறையோட நிழல் அந்த வழக்கிலே அப்படியே விழுந்து கிடக்கு.

இப்போ ரெண்டு உருகுவே கால்பந்து வீரர்களைப் பாருங்க. 2011 அக்டோபர்ல லிவர்பூலின் சுவாரஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் பத்ரிஸ் எவ்ராவை ஆட்டத்துக்கு நடுவே வாக்குவாதத்துல 'நெக்ரோ'ன்னு சொன்னார். 'எங்க ஊர்ல இது சாதாரணம்' என்பது அவர் வாதம். இங்கிலாந்து கால்பந்து சங்கம் அதை ஏற்கலை. 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்ட் அபராதம். 2020 நவம்பர்ல கவானி, தன்னை வாழ்த்தின நண்பருக்கு இன்ஸ்டாகிராம்ல 'நன்றி நெக்ரீத்தோ'ன்னு பதில் போட்டார். 3 ஆட்டத் தடை, 1 லட்சம் பவுண்ட் அபராதம். உருகுவேயின் தேசிய மொழி அகாதமியே அந்தத் தண்டனையைக் கண்டிச்சுது.

என்னைக் கேட்டா, முதல் தண்டனை நியாயம், ரெண்டாவது அநியாயம். சொல் ஒண்ணுதானேன்னு கேப்பீங்க. ஆனா செல்லம் சொல்லுக்குள்ள இல்லை, ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற உறவுக்குள்ள இருக்கு. கவானிக்கும் நண்பருக்கும் அந்த உறவு இருந்தது. முறைச்சுக்கிட்டு நின்ன எவ்ராவுக்கும் சுவாரஸுக்கும் நடுவுல என்ன செல்லம்? கவானிக்கு 'இந்த ஊர்ல இது வேற மாதிரி கேக்கும்'னு ஒரு எச்சரிக்கை போதும். ஒரு மொழியோட காயத்தை அளவுகோலா வச்சு இன்னொரு மொழியோட அன்பை அளந்துட்டாங்க.

அதுக்காக 'எங்க பக்கம் சகஜம்'னு சொன்னதும் விஷயம் முடிஞ்சுடாது. சகஜம்னு சொல்றது பெரும்பாலும் கூப்பிடுறவர்தான். கூப்பிடப்படுறவரை யாரும் கேக்குறதில்லை. நீங்க ஒரு நண்பனுக்கு வச்ச பட்டப்பெயரை யோசிச்சுப் பாருங்க. நாளைக்கே அவனோட சண்டை வந்தா, அதே பெயர் ஒரு எழுத்துகூட மாறாம வசவா மாறுமா? மாறும்னா, அந்தச் சொல் உங்களுக்குச் சொந்தம் இல்லை. அவன் அனுமதிக்கிற வரைக்கும் கடன்.

ஸ்பானிஷ் படிக்கிறவங்களுக்கும் அதேதான். 'நெக்ரோ'வை நிறமா தாராளமா கத்துக்கோங்க. ஆளைக் கூப்பிட, அவர் பெயரையே கேட்டுக்கோங்க.