நம்மூர்ப் புழு இல்லைதான், ஆனால்...

சிறுநீரில் இரத்தம் போனால் மாத்தளையில் முதலில் கிடைக்கும் வைத்தியம் செவ்விளநீர். "சூடு" என்பார்கள். மறுபடியும் போனால் பேச்சு கிட்னிக்குத் தாவிவிடும். அதே மாவட்டத்து வில்கமுவ விவசாயிகளைச் சிறுநீரக நோய் படுத்தும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. சிறுநீர்ப்பையில் புழு இருக்குமோ என்று கேட்டால்தான் படித்தவர்களே சிரிக்கிறார்கள்: "அது ஆப்பிரிக்க நோய், நமக்கெதற்கு?"

பாதி சரி. சிஸ்டோசோமா ஹேமட்டோபியம் என்னும் அந்தப் புழுவின் குஞ்சு, புலினஸ் வகை நன்னீர் நத்தைக்குள் வளர்ந்து வெளிவந்து, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து நுழைகிறது. அந்த நத்தை இலங்கையில் இல்லை. கானாவில் அகோசொம்போ அணையால் உருவான வோல்டா ஏரிக் கரையோரம் இந்நோய் பெருகியது உண்மை. அதை வைத்து மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் குளிக்கப் பயப்படுவது வீண். வயலில் இறங்கியபின் வரும் அரிப்புக்கு மாட்டுப் புழுவின் குஞ்சுகளும் காரணமாகலாம். அவை மனிதத் தோலிலேயே செத்துவிடும், சிறுநீர்ப்பை வரை போவதில்லை.

ஆனால் நம் துணைக்கண்டத்துக்கே வராத நோய் என்று சாதிப்பது தவறு. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற ஊரில் இந்நோய் இருப்பதை 1952இல் ஆய்வாளர்கள் காட்கிலும் ஷாவும் எழுதினார்கள். அங்கே சந்தேகத்துக்குள்ளானது புலினஸ் அல்ல, ஃபெரிசியா என்னும் வேறொரு நத்தை.

இங்கே தொற்றாது என்பதால் இங்கே யாருக்கும் இருக்காது என்பது அடுத்த தவறு. இலங்கைப் படையினர் ஐ.நா. அமைதிப்படையில் மாலிக்குப் போனார்கள். தொழிலுக்காக ஆப்பிரிக்கா போய்வந்தவர்களும் உண்டு. மாலியின் ஆறுகளில் இந்தப் புழு தாராளம். உடம்புக்குள் அது சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வாழும், சில வேளை பல பத்தாண்டுகளும். கடவுச்சீட்டு காலாவதியானபின்கூட முட்டையிட்டுக்கொண்டிருக்கலாம்.

"இரத்தம் நின்றுவிட்டதே" என்பார்கள். இதுதான் ஆபத்தான ஆறுதல். சிறுநீர்ப்பையைச் சுற்றிய நாளங்களில் குடியிருக்கும் பெண்புழு நாள்தோறும் முட்டையிடுகிறது. நுனியில் முள்ளுள்ள அந்த முட்டைகளில் ஒரு பங்குதான் சிறுநீரோடு வெளியேறும். மற்றவை சுவரிலேயே சிக்கிக்கொள்ள, உடம்பு அவற்றைச் சுற்றி அழற்சிக் கட்டிகளை எழுப்புகிறது. ஆண்டுகள் போகப்போகச் சுவர் தடித்து, சுண்ணாம்பு படிந்து, பை சுருங்குகிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிவரும். சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதி குறுகினால் சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். பெரும்பாலும் வலியே இருக்காது. ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால் மறுபக்கம் ஈடுகொடுக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் சரியாகவே வரும். வில்கமுவவை நினைத்துக் கிரியேட்டினின் மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடைப்பைக் காட்டுவது ஸ்கேன்.

இதைவிடக் கொடியது புற்றுநோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தத் தொற்றைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. எகிப்தில் நீண்டகாலம் ஆண்களிடையே மிகுந்திருந்தது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்தான். பெண்களுக்குக் கருப்பை வாயிலும் முட்டைகள் தங்கிப் புண்ணாக்கும், மலட்டுத்தன்மைக்கும் வழிவகுக்கும். அதைப் பாலியல் நோய் என்று நினைத்து அவமானப்படுத்துவது தனிக்கொடுமை.

பிராசிகுவான்டல் மாத்திரை போட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் முழு உண்மையில்லை. எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் கொடுத்தால் வளர்ந்த புழுவைக் கொல்லும். ஆரம்பகாலப் புண்களும் ஆறக்கூடும். இளம் புழுக்களை அது அவ்வளவாகத் தொடாது, அதனால் சில வாரம் கழித்து மறுபடியும் கொடுப்பதுண்டு. இறுகித் தழும்பாகிப்போன குழாயை எந்த மாத்திரையும் விரிக்காது, அதற்குச் சத்திரசிகிச்சைதான்.

"ஒருமுறை சோதித்தார்கள், ஒன்றுமில்லை" என்பவர் எந்த நேரத்துச் சிறுநீரைக் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். முட்டைகள் அதிகம் வெளியேறுவது காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில். விடிகாலைச் சிறுநீரைக் கொடுத்திருந்தால், அல்லது எந்த நாட்டு ஆற்றில் இறங்கினார் என்பதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த "ஒன்றுமில்லை"யை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.