முன்பாரமும் பின்பாரமும்

கடலூரிலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். நெய்வேலிச் சுரங்கங்கள் அங்கிருந்து வெகு தூரமில்லை. ஆனால் ஊரைச் சுற்றிக் கண்ணில் படுவது நிலக்கரி அல்ல, கரும்பு. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் பழைய சர்க்கரை ஆலை இருக்கிறது. இப்போது கரும்பை டிராக்டரும் லாரியும் சுமக்கின்றன என்றாலும், மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர்களுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவரிடம், "ஐயா, வண்டியில் பாரம் ஏற்றுவது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகையால் பாரம் அச்சுக்கு நேராக நடுவில் உட்கார வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்.

பாரம் நடுவில் இருக்க வேண்டும் என்கிற இந்தச் சின்ன விஷயத்தை, உலகத்தின் பெரிய பெரிய பந்தயக் கார்க் கம்பெனிகள் ஒப்புக்கொள்ள அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றால் நம்புவீர்களா?

"பந்தயக் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிப்போய்விடாது. இந்தக் கதையிலும் ஒரு காதல் உண்டு, ஒரு சோகம் உண்டு, தகப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து செய்த ஒரு சாமர்த்தியம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கதை வந்து சேருகிற இடம் நம்முடைய கோயம்புத்தூர்.

மோட்டார் காரில் கனமான பொருள் எஞ்சின். 1891-ல் பிரான்ஸில் பனார் கம்பெனியார் அதைக் காரின் மூக்கிலே கொண்டுபோய் வைத்தார்கள். குதிரை வண்டியில் குதிரை முன்னால்தானே இருக்கிறது? எல்லோருக்கும் அது இயற்கையாகத் தோன்றிவிட்டது. ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரிலும் அதே வழக்கம்தான். எஞ்சின் முன்னால், ஓட்டுகிறவர் பின்சக்கரங்களை ஒட்டினாற்போல் பின்னால். எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு அவருடைய ஆசனத்துக்கு அடியில் ஓடும். அதனால் அவர் உயரமாக உட்கார வேண்டும்; உயரமாக உட்கார்ந்தால் காற்று தடுக்கும்.

சிறு வயதில் தட்டாமாலை சுற்றியிருக்கிறீர்கள் அல்லவா? கைகளை அகல விரித்துக்கொண்டு சுற்றினால் நிதானமாகத்தான் திரும்பலாம். கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டால் சடக்கென்று சுழலலாம். காருக்கும் அப்படியே. கனமான எஞ்சினை மூக்கில் வைத்தால் வளைவில் கார் முரண்டு பிடிக்கும். அதை ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், ஆனால் பின் அச்சுக்கு முன்னால் வைத்துவிட்டால், பாரமெல்லாம் நடுவில் சேர்ந்துவிடும். கார் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். ஆசனத்துக்கு அடியில் தண்டும் வேண்டாம். தாழ்வாகச் சாய்ந்து உட்காரலாம்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் ஜெர்மானியர்கள். 1934-ல் ஆட்டோ யூனியன் கம்பெனி, பெர்டினாண்ட் போர்ஷே என்ற நிபுணர் போட்ட திட்டப்படி, பதினாறு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுகிறவருக்குப் பின்னால் வைத்து ஒரு பந்தயக் கார் செய்தது. ஹிட்லர் அரசாங்கத்தின் பண உதவியும் அதற்கு இருந்தது. ஆனால் கார் பொல்லாத கார். எஞ்சின் பிரம்மாண்டமானது, ஓட்டுகிறவரோ வெகு முன்னால் உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் வழுக்கத் தொடங்கியது அவருக்குத் தெரிவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். கை தேர்ந்த சாரதிகள் பலர் அதனோடு மல்லுக்கட்டினார்கள்.

அதை அடக்கியவர் பெர்ண்ட் ரோஸ்மேயர் என்ற வாலிபர். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து நேராக வந்தவர். வேறு எந்தப் பந்தயக் காரையும் ஓட்டியதில்லை. மறக்க வேண்டிய பழைய பழக்கம் ஒன்றும் அவருக்கு இல்லாததே அனுகூலமாயிற்று! 1935-ல் செக்கோஸ்லோவாகியாவில் முதல் பெரிய வெற்றி. அங்கே அவருக்கு அறிமுகமானார் எல்லி பெய்ன்ஹார்ன் என்ற பெண்மணி. எல்லி சாமானியர் அல்ல. தன்னந்தனியாக விமானம் ஓட்டி ஆப்பிரிக்காவுக்கும், பிறகு இந்தியா வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் பறந்தவர். 1936-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அதே வருஷம் ரோஸ்மேயர் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனார்.

1938 ஜனவரி 28-ம் தேதி, பிராங்க்பர்ட் நகரத்துக்கு அருகே நெடுஞ்சாலையில் வேகத்துக்கான சாதனை முயற்சி. அன்று காலையில்தான் போட்டிக் கம்பெனியான மெர்ஸிடிஸின் கார் மணிக்கு 432 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. அதை முறியடிக்க ரோஸ்மேயர் கிளம்பினார். பக்கவாட்டில் காற்று வீசிற்று. கார் சாலையை விட்டு எகிறியது. அவர் மாண்டு போனார். வீட்டில் இரண்டரை மாதக் கைக்குழந்தை. எல்லி அந்தக் குழந்தையை வளர்த்தார். மறுபடி விமானமும் ஓட்டினார். நூறு வயது வாழ்ந்து 2007-ல் காலமானார். சாதனைகளின் பட்டியலில் புருஷனின் பெயர்தான் பெரிதாக இருக்கும். எனக்கென்னவோ மனைவியின் பெயரைத்தான் பெரிதாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

உலக யுத்தம் வந்தது. ஆட்டோ யூனியனின் பந்தயக் கார்கள் அதோடு சரி. அவ்வளவு பணம் கொட்டிச் செய்த கார், உலகத்தின் வழக்கத்தை மாற்றவில்லை. மாற்றியது எது தெரியுமா? சிக்கனம்.

யுத்தம் முடிந்து 1946. லண்டனுக்கு அருகே சர்பிடன் என்ற ஊரில் சார்லஸ் கூப்பர் ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மகன் ஜானுக்குப் பந்தயக் கார் வேண்டும். கையிலோ அதிகப் பணம் இல்லை. பழைய குட்டி ஃபியட் கார்கள் இரண்டின் முன்பாகங்களை வெட்டி, முதுகோடு முதுகாக ஒட்டவைத்து, ஒரு கார்ச் சட்டம் தயார் பண்ணினார்கள். எஞ்சின்? 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின். அது சக்கரத்தைச் சங்கிலியால் சுழற்றுவது. பின்சக்கரத்துக்குச் சங்கிலி போட வேண்டுமானால் எஞ்சின் பின்சக்கரத்துக்கு அருகில் இருந்தால்தான் சௌகரியம். ஆகவே ஓட்டுகிறவருக்குப் பின்னால் வைத்தார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை! மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா கிளறுகிறோமே, அதே புத்திதான்.

உப்புமா ருசித்துவிட்டது. பலர் தங்களுக்கும் அப்படி ஒரு கார் வேண்டுமென்று கேட்டார்கள். விலை குறைவு, ஆகவே இளைஞர்கள் வாங்க முடிந்தது. 1948-ல் அப்படி ஒரு கூப்பர் காரோடு களத்தில் இறங்கிய பதினெட்டு வயதுப் பையன் ஸ்டர்லிங் மாஸ்.

பத்து வருஷம் கழித்து, 1958 ஜனவரியில் அர்ஜென்டினாவில் அதே மாஸ் ஒரு சின்னக் கூப்பர் காரில் வந்து நின்றார். எதிரே அதைவிடப் பெரிய எஞ்சின் பூட்டிய ஃபெராரி கார்கள். கூப்பரின் சக்கரத்தைக் கழற்றி மாட்ட வெகு நேரமாகும். நடுவில் டயர் மாற்ற நின்றால் தோல்விதான். எப்படியும் நிற்பார் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். மாஸ் நிற்கவே இல்லை. கார் இலேசானது, டயரை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து ஓட்டினார். முடிவில் டயரின் ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த துணி தெரிந்ததாம். மூன்று வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வெற்றி! எஞ்சினைப் பின்னால் வைத்த கார், உலக சாம்பியன் பட்டத்துக்கான ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜெயித்தது அதுவே முதல் தடவை.

1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பர் காரில் உலக சாம்பியன் ஆனார். "மாடு வண்டியை இழுக்குமே தவிரத் தள்ளாது" என்று என்ஸோ ஃபெராரி பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். 1961-ல் அவருடைய கம்பெனியே எஞ்சினைப் பின்னால் வைத்துப் பட்டத்தை வென்றது. மாடு தள்ளத் தொடங்கிவிட்டது!

இனிக் கோயம்புத்தூருக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் பந்தயம் நடத்தியது. அங்கே ஓட்டிப் புகழ் பெற்றவர்களில் ஒருவர் எஸ். கரிவர்தன், லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பணத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக் கார் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பணமில்லாத திறமைசாலி என்ன செய்வான்? இந்தக் கேள்விதான் அவரைக் காரியத்தில் இறக்கியது.

அப்போது நம் தெருக்களில் மாருதி 800 ஓடத் தொடங்கியிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். உங்களில் எத்தனையோ பேர் வீட்டுக்கு முதலில் வந்த கார் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் காரில் எஞ்சின் முன்னால் இருந்து முன்சக்கரத்தைச் சுழற்றும். 1980-களின் பிற்பகுதியில் கரிவர்தன் அதே எஞ்சினை ஒற்றை ஆசனப் பந்தயக் காரில் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரத்தைச் சுழற்றும்படி செய்துவிட்டார். 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார், ஒரே எஞ்சின். யார் வீட்டில் பணம் அதிகம் என்பதற்கு அங்கே மதிப்புக் குறைவு. யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பதே கணக்கு.

கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவர் திறந்துவைத்த கதவு மட்டும் மூடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பந்தயப் பாதையில் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். 2010-ல் அவரும் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்குக் கரிவர்தன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எஞ்சினை எங்கே வைப்பது என்பது எஞ்சினீயர்களின் கவலை. ஆனால் செலவு என்கிற பாரத்தை யார் தலையில் வைப்பது என்பது நம் எல்லோருடைய கவலையும் அல்லவா? கணக்கிலும் பாட்டிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரக் குழந்தைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். செலவைப் பார்த்து வாசற்படியிலேயே திரும்பிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! பட்டறைக்காரக் கூப்பரும் பணக்காரக் கரிவர்தனும் செய்தது ஒன்றே ஒன்றுதான். கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டுப்படியாகும் விலையில் ஒரு காரைச் செய்து, "வா தம்பி, ஓட்டிப் பார்" என்றார்கள். இனி அந்த அழைப்பில் "வா அம்மா" என்பதும் சேர்ந்து ஒலிக்கட்டும்.