கைடு பேசுவார், நீங்கள் போட்டோ எடுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது ஜப்பானிய மொழி படிக்கிறார்களா? அப்படியானால் இந்த நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்திருக்கும். இல்லாவிட்டால் சீக்கிரமே வரும். வழவழ தாளில் பனி போர்த்திய ஃபூஜி மலை. ‘ஜப்பானிய மொழி மாணவர்களுக்கான சிறப்புக் குளிர்காலச் சுற்றுலா.’ ஏழு பகல், ஆறு இரவு. டோக்கியோ, ஹகோனே, நாகானோவின் குரங்குகள், ஷிரகவாகோ கிராமம், கியோட்டோ, ஒசாகா. ராத்திரி கண்டிப்பாக இந்தியச் சாப்பாடு. கூடவே ஆங்கிலம் பேசும் கைடு. கடைசி நாள் சர்டிபிகேட்.

இதில் மொழி மாணவர்களுக்கென்று என்ன சிறப்பு? இந்த மாதிரி நோட்டீஸ் நாலைந்தை எடுத்து, சாதாரணச் சுற்றுலா நோட்டீஸ்களுக்குப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்துவிட்டேன். அரை மணி நேரம் கிமோனோ மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ. அப்புறம் அந்த சர்டிபிகேட். அவ்வளவுதாங்க வித்தியாசம். மற்றபடி ரிட்டயர் ஆன தம்பதிகளுக்கு விற்கிற அதே பயணம், அதே பஸ், அதே குரங்கு.

குரங்கைக் குறை சொல்லவில்லை. ஜிகோகுதானியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பனிப் பாதையில் நடந்து போய், வெந்நீர்க் குளத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவந்த மூஞ்சிகளைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் குரங்குக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அங்கே தெரிந்த ஒரே ஆள் கைடு. அவரோ ஆங்கிலத்தில் பேசுகிறார்!

படிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜே.எல்.பி.டி. என்று ஒரு தேர்வு. சென்னையிலும் நடக்கிறது. ஜூலை முதல் ஞாயிறு, டிசம்பர் முதல் ஞாயிறு. என்5இல் ஆரம்பித்து என்1 வரை ஐந்து படிகள். சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாம் உண்டு. பேசுவதற்குத் தேர்வே கிடையாது. கொடுத்த விடைகளில் ஒன்றைக் கறுப்படித்தால் போதும். ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசாமல் ஒருவர் கடைசிப் படி வரை ஏறிவிடலாம். வகுப்பில் பேச நேரமில்லை, தேர்வில் பேச வேலையில்லை. மிச்சமிருக்கும் ஒரே இடம் ஜப்பான். அங்கேயும் கூட்டிக்கொண்டு போய் வாயைக் கட்டிவிட்டால் எப்படி?

போகிற வழியும் அப்படித்தான் அமைகிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகா வரையிலான இந்தப் பாதையில்தான் உலகமே நடக்கிறது. 2024இல் ஜப்பானுக்குப் போன வெளிநாட்டினர் 3.68 கோடிக்கும் மேல். கூட்டம் தாங்காமல், கியோட்டோவின் கியோன் பகுதியில் அதே வருடம் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாக்காரர்கள் நுழையத் தடை போட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பெண் தைரியத்தை வரவழைத்து “சுமிமாசென்” என்று ஆரம்பித்தால், கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் விலையைச் சொல்லி, கால்குலேட்டரை நீட்டுவார். அவர் மேல் தப்பில்லை. காலையிலிருந்து முந்நூறு பேரைப் பார்த்திருப்பார்.

அடுத்து காசு. சில சுற்றுலாக்களில் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் ‘இலவசம்’ என்று போடுகிறார்கள். எந்த வியாபாரத்திலும் இலவசம் என்று ஒரு கணக்குத் தலைப்பு கிடையாது. 2023 அக்டோபரில் அந்தப் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு எகிறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயிலில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 14,000 யென். போக வர 28,000. விமான நிலைய ரயிலையும் ஒசாகா லோக்கலையும் சேர்த்தாலும் 50,000ஐத் தொடாது. பழைய விலையில் வாங்கியவருக்கு லாபம். இப்போது இந்த ரூட்டில் அது சுத்த நஷ்டம். நஷ்டத்தை நம் தலையில் கட்டி, அதன்மேல் ‘இலவசம்’ என்று ரிப்பன் சுற்றுகிறார்கள்.

இதே ஜப்பான் ரயில்காரர்கள் குளிர்கால விடுமுறைக்கு இன்னொரு டிக்கெட் விற்கிறார்கள். பெயர் ‘செய்ஷுன் 18’. பதினெட்டு என்று பெயரில் இருக்கிறதே தவிர வயது வரம்பு எதுவும் இல்லை. எழுபது வயதுப் பாட்டியும் வாங்கலாம், வெளிநாட்டவரும் வாங்கலாம். 2024 குளிர்காலத்தில் விதியை மாற்றினார்கள். தொடர்ந்து மூன்று நாள் என்றால் 10,000 யென், ஐந்து நாள் என்றால் 12,050 யென். புல்லட் ரயிலில் ஏற முடியாது. சாதாரண ரயில், அதுவும் நின்று நின்று போவது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். நாலைந்து இடத்தில் மாற வேண்டும்.

“ஐயையோ, ஒன்பது மணி நேரமா?” என்கிறீர்கள். அந்த ஒன்பது மணி நேரம்தான் சார் பாடம்! புல்லட் ரயிலில் உங்கள் பையன் தூங்குவான். இங்கே தூங்கினால் மாற வேண்டிய ஸ்டேஷன் போய்விடும். அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பக்கத்திலிருப்பவரிடம் “இந்த ரயில் ஓகாக்கி போகுமா?” என்று கேட்க வேண்டும். “குளிருகிறது இல்லையா?” என்று அவர் ஆரம்பிப்பார். ஜப்பானில் குளிர்காலப் பேச்சுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஓகாக்கி தாண்டினால் செகிகஹாரா. 1600ஆம் ஆண்டுப் போரில் தோக்குகாவா இயேயாசு வென்று நாட்டின் தலையெழுத்தை மாற்றிய இடம். மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய் போல இருப்பதால் ஜப்பான் கடல் பக்கத்துப் பனி இந்த வழியாகப் புகுந்து கொட்டும். புல்லட் ரயிலே இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவரை வெயிலில் வந்த ரயில் திடீரென்று வெள்ளைக்குள் நுழைகிறது. ருசியும் இந்தப் பக்கத்தில்தான் மாறுகிறது. ‘டோன்பெய்’ என்று ஒரு கப் ஊடோன் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கிழக்கே ஒரு சாறு, மேற்கே ஒரு சாறு என்று கம்பெனி தனித்தனியாகத் தயாரித்து, கப்பின் மேல் அடையாள எழுத்தும் போட்டு விற்கிறது. எல்லை இந்த செகிகஹாரா பக்கம். டோக்கியோவில் ஒன்று, கியோட்டோவில் ஒன்று வாங்கி ருசி பார்க்கச் சொல்லுங்கள். நன்றி சொல்லும் ‘அரிகாதோ’ மேற்கே போனால் பெரியவர்கள் வாயில் ‘ஓகினி’ ஆவதும் அதே பயணத்தில் காதில் விழும். புத்தகத்தில் இருப்பது ஒரே ஜப்பானிய மொழி. ஊரில் இருப்பது அப்படி இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கப் ஊடோன் போதும்.

நோட்டீஸ் மறைக்கிற இன்னொரு விஷயம் தேதி. கல்லூரி லீவு என்பதால் டிசம்பர் கடைசி வாரத்தில் புறப்படுகிற சுற்றுலாக்கள் நிறைய. ஜப்பானில் அது வீட்டுக்குப் போகிற வாரம். அரசு அலுவலகங்களுக்கு டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை. டோக்கியோ தேசிய அருங்காட்சியகமும் வருடக் கடைசியில் மூடியிருப்பது வழக்கம். சின்னக் கடைகள் பாதிக்கு மேல் ஷட்டரை இறக்கி, ஒரு தாளில் விடுமுறை எழுதி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுற்றுலாக்காரருக்கு இது நஷ்டம். அதனால் வாயே திறக்காமல் நம்மை ஷாப்பிங் மாலில் இறக்கிவிடுகிறார்.

மொழி மாணவருக்கோ இதைவிட நல்ல வாரம் கிடையாது. அந்த ஷட்டர் தாள்களே ஒரு வாசிப்புப் புத்தகம். தபால் ஆபீசில் புத்தாண்டு அட்டை வாங்கலாம், 85 யென். டிசம்பர் 25க்குள் போட்டால் ஜனவரி 1 காலையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 31ஆம் தேதி ராத்திரி சோபா நூடுல்ஸ், நள்ளிரவை ஒட்டிக் கோயில் மணி 108 தடவை. பல சின்னக் கோயில்களில் வரிசையில் நின்றால் நமக்கும் ஒரு அடி கிடைக்கும். பன்னிரண்டு மணி வரை வழியனுப்பும்போது “யோய் ஒதோஷி ஓ” என்பார்கள். பன்னிரண்டைத் தாண்டினால் அது செல்லாது, “அகெமாஷிதே ஒமெதெதோ” ஆகிவிடும். நம் பிள்ளைகள் இந்த இரண்டையும் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பார்கள். சொல்ல வேண்டிய அந்த நிமிஷத்தில் ஓட்டல் அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலை ஆறு மணிக்கு பஸ் கிளம்புகிறதாம்!

“சின்னப் பிள்ளைங்க, என்5தான் முடிச்சிருக்கு, தொலைஞ்சு போனா?” என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஷிரகவாகோ போன்ற மலைக் கிராமத்துக்கு, அதுவும் முன்பதிவு இல்லாமல் போக முடியாத விளக்கு அலங்கார ராத்திரிக்கு, கூட்டமாகவே போகட்டும். கொட்டும் பனியில் தனியாக அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் பெரிய ஸ்டேஷன்கள் பக்கத்தில் ‘கோபான்’ என்ற சின்னப் போலீஸ் சாவடி இருக்கும். வழி சொல்வது அவர்கள் அன்றாட வேலை.

இன்னும் ஒன்று. 1995 ஜனவரி 17, கோபேயை நாசமாக்கிய பூகம்பம். அதுவும் குளிர்காலம்தான். மொழி புரியாமல் வெளிநாட்டவர் கூடுதலாக அவதிப்பட்டதைப் பார்த்த பிறகு ஜப்பானியர் ஒரு வேலை செய்தார்கள். கடினமான சொல்லை விட்டு ‘எளிய ஜப்பானிய மொழி’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். ‘ஹினான் ஷிதே குதசாய்’ என்பதற்குப் பதில் ‘நிகெதே குதசாய்’, ஓடித் தப்பியுங்கள். ஆரம்பநிலை மாணவனுக்குப் புரிகிற அளவு. 2024 ஜனவரி 1 மாலை 4.10க்கு நோட்டோ தீபகற்பம் அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்தபோது, தொலைக்காட்சி அறிவிப்பாளர் அந்த ‘நிகெரு’ என்ற வினைச்சொல்லை வைத்துத்தான், உடனே ஓடச் சொல்லிக் கத்தினார். விடுமுறை நாள். கைடு பக்கத்தில் இல்லாத நேரத்தில் அது காதில் விழுந்தால் புரிய வேண்டாமா? புரிவதற்கு, அதற்கு முன்னால் நாலு நாளாவது ஜப்பானியர் வாயால் ஜப்பானிய மொழி கேட்டிருக்க வேண்டாமா?

எனவே முன்பணம் கட்டுமுன் போன் போடுங்கள். ஏழு நாளில் கைடு இல்லாமல் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் இருப்பார்கள் என்று கேளுங்கள். டிசம்பர் 31 ராத்திரி எந்தக் கோயில் என்று கேளுங்கள். சாதாரண ரயிலில் ஒரு நாளாவது உண்டா, டிக்கெட்டை யார் வாங்குவது, வழியை யார் விசாரிப்பது என்று கேளுங்கள். ஆறு ஊரை மூன்றாகக் குறைத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேளுங்கள். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், “சார், கிமோனோ போட்டோ உண்டு சார்” என்று ஆரம்பித்தால், போனை வைத்துவிடுங்கள்.