மலை உச்சியில் ஒரு வெட்டுக்கிளி: ‘புதிய இனம்’ என்று யார் முடிவு செய்வது?

மலையில் ஒரு வெட்டுக்கிளி கண்ணில் படுகிறது. ஏற்கெனவே பெயர் வைத்த எதனோடும் அது பொருந்தவில்லை. அப்போ அது புதிய இனம்தானே? அவ்வளவு சுலபம் கிடையாது. நியூசிலாந்து மலை வெட்டுக்கிளிகளின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

அப்படி என்ன விசேஷம்?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கிறது ‘சதர்ன் ஆல்ப்ஸ்’ மலைத்தொடர். மரம் வளராத உயரத்தில், புல்லும் பாறையுமான சரிவுகளில் இந்த வெட்டுக்கிளிகள் வாழ்கின்றன. இறக்கை மிகச் சிறியது, பறக்க முடியாது. சத்தமும் போடாது. உடல் உறைந்துபோனாலும் வெயில் வந்ததும் பிழைத்துக்கொள்ளும் இனங்கள்கூட உண்டு.

பறக்க முடியாததால் பக்கத்து மலைக்குப் போவதே கஷ்டம். இப்படிப் பிரிந்து வாழும் கூட்டங்கள் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேறுபடும். அந்த வேறுபாடு எந்த அளவுக்குப் போனால் தனி இனம் என்பதுதான் கேள்வி.

பெயர் வைக்க என்னென்ன தேவை?

நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனத்திலேயே பச்சை, பழுப்பு, சாம்பல் என்று பல நிறங்கள் இருக்கும். அதனால் உடல் அளவுகள், ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம், டிஎன்ஏ என எல்லாவற்றையும் ஒப்பிடுகிறார்கள். பிறகு ஒரு பூச்சியை அடையாள மாதிரியாகத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் வைத்து, விவரங்களை ஆய்விதழில் வெளியிட வேண்டும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த மாதிரியை எடுத்துச் சரிபார்க்கலாம்.

விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் விதிகளை வகுக்க சர்வதேச ஆணையம் ஒன்று இருக்கிறது. ஆனா, ‘இது தனி இனம்தான்’ என்று அது சான்றிதழ் தராது. ஆதாரத்தை மற்ற ஆய்வாளர்கள் ஏற்றால்தான் பெயர் நிலைக்கும்.

எங்கே சிக்கல்?

‘சிகாஸ் சைல்டி’ என்ற வெட்டுக்கிளி 1999இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இது மலையில் அல்ல, அலெக்சாண்ட்ரா நகரை ஒட்டிய வறண்ட தாழ்நிலத்தில் வாழ்வது. தோற்றத்தில் தனியாகத் தெரிந்தது. ஆனால், 2008இல் வெளியான டிஎன்ஏ ஆய்வில், மலையில் பரவலாக வாழும் ‘சிகாஸ் ஆஸ்ட்ராலிஸ்’ இனத்துக்குள்ளேயே இது அடங்கிவிட்டது. உடல் ஒன்று சொல்ல, டிஎன்ஏ வேறொன்று சொன்னது. டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று அந்த ஆய்வே எச்சரித்தது.

2023இல் இன்னொரு மாற்றம். நான்கு பேரினங்களாகப் பிரித்து வைத்திருந்த இந்த வெட்டுக்கிளிகளை ‘சிகாஸ்’ என்ற ஒரே பேரினத்துக்குள் ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியல் பெரும்பாலும் பெயரை வைத்தே தயாராகிறது. சிறு பகுதியில் மட்டும் வாழும் தனி இனம் என்றால் பாதுகாப்பு அவசரம். பரவலான இனத்தின் ஒரு பகுதிதான் என்றால் அந்த அவசரம் குறைந்துவிடும். பெயர் பெறாத உயிர்களுக்கும் நியூசிலாந்துப் பட்டியலில் இடம் உண்டு; பல நாடுகளில் அதுகூட இல்லை.

இன்னொரு பக்கம் பூமி சூடாகிறது. குளிருக்குப் பழகிய பூச்சிகள் மேலே ஏறித்தான் தப்ப முடியும். உச்சிக்குப் பிறகு ஏற இடமில்லை. மலை வெட்டுக்கிளிகளுக்கு ஏற்ற இடம் சுருங்கும் என்று 2022இல் வெளியான ஆய்வு கணித்தது. ஒரே சிகரத்தில் வாழும் இனம் பெயர் பெறும் முன்பே மறைந்துவிட்டால், அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது.